பதினோரு பாக்கெட் கோட்டு

போன மாதம் என் மருமகனுக்கு ஒரு பார்சல் வந்தது. மருமகன் கூட்டாளிகளோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளில் மலை மலையாகப் போய்வருகிறவர். பார்சலைப் பிரித்ததும் கூடத்திலிருந்து ஒரு வாசம் எழும்பி அடுப்படி வரை வந்தது. புதுக் கித்தான் துணியும் மெழுகும் கலந்த வாசம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

மருமகன் முன்னால் நான் அதிகம் நிற்க மாட்டேன். இத்தனை வருஷமாகியும் கூச்சம் போகவில்லை. கதவோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். காக்கி நிறத்தில் ஒரு கோட்டு. முழங்கை வெளுத்திருந்தது, கழுத்துப்பட்டை ஓரம் நைந்திருந்தது, பித்தளைப் பொத்தானெல்லாம் கறுத்துப்போயிருந்தது. பாவம், எவனோ உடுத்திக் கழித்ததை இவர் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்து மகளின் காதோடு சொன்னேன்: "திருப்பிக் குடுத்தா வாங்கிக்கிருவான்ல?"

அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்து என் மானத்தை வாங்கினாள்.

"இது புதுசுதான் அத்தை. அந்தக் காலத்து வேட்டைக்காரவுக போட்ட மாதிரி, பழசாத் தெரியணும்னே செஞ்சது," என்றார் மருமகன்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அட, இது நம்ம சரக்கு அல்லவா!

வெளியே சொல்லவில்லை. சொன்னால் விவரம் கேட்பார்கள், பேச வேண்டும். உங்களிடம் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில், பாளையம்பட்டியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து இதே மாதிரிக் கோட்டுகளை நாங்கள் தைத்திருக்கிறோம். நான் தைக்கவில்லை. மிஷினில் உட்காரும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. காஜா எடுப்பது, பொத்தான் கட்டுவது, பிசிறு வெட்டுவது, இதுதான் என் வேலை. எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வருவேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. கண்டக்டரே என் முகத்தைப் பார்த்துக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

கொட்டகையின் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அதிர்ந்து பேசுவதற்கு அவருடைய அக்கா இருந்தார்கள். எங்களுக்குப் பெரியக்கா. பெரியக்கா மேற்பார்வை. அவுக செருப்புச் சத்தம் கேட்டால் மிஷின்கள் தானாகவே வேகம் எடுக்கும். மொத்தம் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தோம். பள்ளிக்கூடத்து யூனிபாரமும் உள்பாவாடையும்தான் அதுவரை தைத்த சரக்கு.

அப்படி இருக்கையில்தான் ஊட்டியிலிருந்து ஒருவர் வந்தார். தலையில் அகல விளிம்புத் தொப்பி, முழங்கால் வரை கட்டின தோல் பட்டை. வாசலில் கிடந்த நாய்கூடக் குரைக்காமல் யோசித்தது. மலை ஏறுகிறவர்களுக்கும் காடு சுற்றுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து ஒரு பழைய கோட்டை மேசை மேல் விரித்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டாம். அதே மாதிரி நாலு டஜன் வேண்டும். புதிதாகத் தைக்க வேண்டும். ஆனால் பழசாகத் தெரிய வேண்டும்.

அவர் போனதும் கொட்டகையே சிரித்துப் புரண்டது.

"எங்க வீட்டுல பழசு மூட்டையா கெடக்கு. கொண்டாந்து குடுத்தா எடுத்துக்கிருவாராக்கும்?" என்றாள் ஆரோக்கியம்.

ஆரோக்கியம் எனக்குப் பக்கத்து மிஷின்காரி. இருபது வயது இருக்கும். நான் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் அவளே பேசித் தீர்ப்பாள். கோட்டில் இருந்த பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தவளும் அவள்தான். மொத்தம் பதினொன்று.

"ஒண்ணுல வெத்தல, ஒண்ணுல பாக்கு, ஒண்ணுல சுண்ணாம்பு. மிச்சம் எட்டுல என்னத்த வைப்பாக யக்கா?"

நெஞ்சில் வரிசையாகச் சின்னச் சின்ன வளையம் வைத்துத் தைத்திருந்தது. தோட்டா சொருகுவதற்கு என்று அண்ணாச்சி விளக்கம் சொன்னார். யாரும் நம்பவில்லை. பீடி சொருகத்தான் என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. அந்தக் கோட்டு ஊட்டிக்குப் போகும் வரைக்கும் அதற்குப் பீடிக் கோட்டு என்றுதான் பெயர்.

கோட்டோடு இன்னொன்றும் கேட்டிருந்தார். கித்தானில் தண்ணீர்ப் பை. தண்ணீரைத் துணியில் ஊற்றிக்கொண்டு போவதா! குடத்துத் தண்ணீருக்கே குழாயடியில் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிற ஊர் எங்களுடையது. முதல் பையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினதும் அடியில் கசிந்து சொட்டியது. பெரியக்கா ஓடிப்போய்க் கீழே பானையை வைத்தார்கள். "ஊறுனா நின்னுரும்க்கா" என்று அண்ணாச்சி சொன்னார். "அது நிக்கிற வரைக்கும் ஒங்க அப்பாவா தண்ணி எடுத்தாருவாரு?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே அப்பா என்பது ஞாபகம் வந்து பெரியக்காவே சிரித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நூல் ஊறி உப்பிச் சொட்டு நின்றது. மத்தியானம் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். மண்பானைத் தண்ணீர் தோற்றது. கித்தான் வாடை மட்டும் நாக்கில் ஒரு நாள் முழுக்க நின்றது.

துணிக்குக் காக்கி ஏற்றினது அருப்புக்கோட்டைச் சாயப் பட்டறையில். சாயம் போகாது என்று சத்தியம் பண்ணிச் சரக்குக் கொடுக்கிற ஊர் அது. அங்கே போய் அண்ணாச்சி, "கொஞ்சம் சாயம் போற மாதிரிப் போட்டுக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். பட்டறைக்காரர் எழுந்து நின்றுவிட்டாராம். "அண்ணாச்சி, நான் ஒங்களுக்கு என்ன கெடுதி பண்ணேன்?"

ஒருவழியாகத் துணி வந்தது. உள்ளே வெளுத்த காடாத் துணி கொடுத்துத் தைத்தார்கள். கித்தான் தடிமனுக்கு ஊசி வளைந்து வளைந்து ஒடிந்தது. ஒரு நாள் ஆரோக்கியத்தின் விரலிலேயே ஊசி இறங்கிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தாள். வராமல் இருக்க முடியாது. இந்த வேலை போனால் அவளைக் கரிமூட்டத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சீமைக்கருவேலங் கட்டையைப் புகைத்துக் கரியாக்குகிற வேலை. அவளுடைய அக்கா அதில் போய் இருமலோடு படுத்திருந்தாள்.

கோட்டுகள் முடிந்து கடைசியாக என் கைக்கு வந்தன. பொத்தான் கட்டி, பிசிறு வெட்டி, மடித்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. எனக்கு மனசு கேட்கவில்லை. புதுத்துணிக்கு ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியது கிடையாது. பள்ளிக்கூட யூனிபாரம் என்றால் அவரவர் வீட்டில் அம்மா வைத்துக்கொள்வாள். ஊட்டிக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் புலி, பாம்பு இருக்கிற இடத்துக்குப் போகப்போகிற கோட்டுக்கு யார் வைப்பார்கள்? முந்தானையில் மஞ்சள்தூள் முடிந்துகொண்டு வந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒவ்வொரு கோட்டின் உள்பக்கத்து அடிமூலையிலும் விரலால் ஒரு பொட்டு வைத்தேன். உள்ளே மடிந்து கிடக்கிற மஞ்சள் யாருக்குத் தெரியப்போகிறது?

தெரியவும் இல்லை. மாதிரிக்கென்று தனியாகத் தைத்து முன்னாலேயே ஊட்டிக்கு அனுப்பியிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் புதுசாகவே இருக்கிறது, வெளுக்க வையுங்கள் என்று கடிதம் வரும் வரை. நான் காஜா எடுக்கிற ஆள். வெளுக்கிறது கொட்டகைக்குப் பின்னால் தொட்டியில் நடக்கிற வேலை. நாலு டஜனையும் சலவைச் சோடாவில் ஊறப்போட்டது மறுநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

உள்ளே நுழையும்போதே பெரியக்கா சத்தம் கேட்டது. ஈரக் கோட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளுத்த காடாத் துணியின் மூலையில் சிவப்பாக ஒரு கறை. அடுத்த கோட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"ரத்தம்! அத்தனையிலயும் ரத்தம்! வெரல்ல ஊசிய ஏத்திக்கிட்டு இந்தக் கழுத சொல்லாம கொள்ளாம தச்சிருக்கா."

ஆரோக்கியம் விரலில் சுற்றின துணியோடு நின்றாள். "நான் இல்லக்கா. அன்னைக்கே தொடச்சுட்டேன்க்கா. ஒரு சொட்டு ரத்தத்துல நாப்பத்தெட்டுக் கோட்டா நனையும்?"

"எதுத்தா பேசுத? போ, வீட்டுக்குப் போ. ஊட்டிக்காரர் நாளன்னைக்கு வாராரு. அவருக்கு என்ன பதில் சொல்ல?"

அண்ணாச்சி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பட்ட துணியில் சோடா பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். பதற்றத்தில் அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை. சொல்ல வேண்டியது நான். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அண்ணாச்சியிடம் அதுவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. சம்பளத்தைக்கூடத் தலையைக் குனிந்துகொண்டு வாங்குகிறவள்.

ஆரோக்கியம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

என்ன வேகத்தில் செய்தேனோ தெரியாது. கீழே கிடந்த வெட்டுத் துணி ஒன்றை எடுத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒட்டியிருந்த மஞ்சளை அதில் அப்பினேன். அண்ணாச்சி முன்னால் போய், ஈரக் கோட்டு அள்ளிவந்த வாளியில் நின்ற சோடாத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் ரத்தச் சிவப்பாகியது.

"மஞ்ச," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேசியது யார் என்று தேடின மாதிரி இருந்தது.

"நீயா வச்ச?" என்றார்கள் பெரியக்கா.

தலையை ஆட்டினேன்.

"நாப்பத்தெட்டுக்குமா?"

"நாப்பத்தேழுக்கு. ஒண்ணுக்கு மஞ்ச தீந்துபோச்சு."

அண்ணாச்சி தலையிலிருந்து கையை எடுத்தார். "எதுக்கும்மா?"

"காட்டுக்குள்ள போறவுக... பூச்சி பொட்டு இருக்கும்... மொட்டையாப் புதுத்துணிய..." அதற்கு மேல் வரவில்லை. அதுவே எனக்கு அந்த வருஷத்துப் பேச்சு.

அவர் என் கையிலிருந்த துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். போகட்டும், வாசலில் நிற்கிறவளாவது உள்ளே வரட்டும் என்றிருந்தது. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"லோடு ஏத்தும்போது நான் ஒரு ஜெபம் பண்ணலாம்னு இருந்தேன். நீ எனக்கு முந்திக்கிட்டியே."

பெரியக்கா சிரிக்கவில்லை. "சிரிப்பெல்லாம் இருக்கட்டும், கறைக்கு என்ன செய்ய?"

ஒரு தரம் வாய் திறந்துவிட்டதால் இரண்டாம் தரம் கொஞ்சம் லேசாக இருந்தது. "நல்ல தண்ணியில அலசி, உள்பக்கத்த வெளிய வச்சு வெயில்ல போட்டா போயிரும்க்கா."

அன்றைக்கும் மறுநாளும் தையல் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த பொட்டலில், கருவேல முள்மேலும் கல்மேலும் நாற்பத்தெட்டுக் கோட்டுகளையும் உள்வெளியாகப் புரட்டிப் போட்டோம். அலசினபோதே சிவப்பு மறுபடி மஞ்சளாகத் திரும்பியது. பிறகு எங்கள் ஊர் வெயில் பார்த்துக்கொண்டது. உச்சியில் ஒரு புரட்டு, சாயங்காலம் ஒரு புரட்டு. ஆரோக்கியமும் நானும் குச்சி வைத்துக்கொண்டு ஆடு விரட்டினோம். அப்படியும் ஒரு வெள்ளாடு தோள்பட்டை ஒன்றைப் பாதி தின்றுவிட்டது. "பழசா வேணும்னுதான கேட்டாரு" என்று ஆரோக்கியம் ஆட்டுக்குப் பரிந்து பேசினாள்.

ஊட்டிக்காரர் வந்து ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தார். பதினோரு பாக்கெட்டிலும் கைவிட்டார். மூலையைப் புரட்டினார். அங்கே வெளுத்த காடாத் துணி மட்டும்தான். "இப்பத்தான் வெயில் மழை பார்த்த கோட்டு மாதிரி இருக்கு," என்றார். மழை எங்கே பார்த்தது?

அன்றையிலிருந்து கொட்டகையில் என் பெயர் போய்விட்டது. ஆரோக்கியம்தான் ஆரம்பித்தாள். "ஏ மஞ்சா, நூலு குடு." "மஞ்சா, பஸ்ஸு வந்துருச்சு." என்னைவிடச் சின்னவள், யக்கா என்பதையும் விட்டுவிட்டாள். பெரியக்காகூடச் சம்பள நாளில், "மஞ்சா எங்கடி?" என்பார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. என் சொந்தப் பெயரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஊட்டிச் சரக்கு நாலைந்து வருஷம் ஓடியது. பிறகு அவர் வரவில்லை. அண்ணாச்சி காலமானபின் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். நாங்கள் கோட்டுக் காயப்போட்ட பொட்டலில் பிளாட்டுப் போட்டு, வரிசையாக மாடி வீடு நிற்கிறது. ஆரோக்கியம் கரிமூட்டத்துக்குப் போகாமலே தூத்துக்குடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள், அங்கேயும் தையல்தான். மூன்று பிள்ளை பெற்றாள். கொரோனாவுக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்றவர்கள் எந்தெந்த ஊரிலோ.

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். யாரோ பின்னாலிருந்து உரக்க, "மஞ்சா! மஞ்சா!" என்று கூப்பிட்டார்கள். "என்னடி?" என்று அந்தக் கூட்டத்தில் அத்தனை சத்தமாகக் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். மஞ்சள் கொத்து விற்கிற ஒருவர் தலைச்சுமையோடு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு கொத்து போடவா ஆத்தா?" என்றார்.

ஒன்று போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.