புட்டா விழுங்கிய பட்டு

முதுகில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு இருந்ததால் பூனைக்குட்டிக்குப் புட்டா என்று பெயர் வைத்தவர் சிவராஜ். சேலை உடம்பில் போடும் பூவுக்கு நெசவாளர் வீட்டில் அதுதானே பெயர். தறிக்குழியில் இறங்கிவிட்டால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. குழந்தையில்லாத அந்த வீட்டில், அவர் மனைவி புவனேஸ்வரிக்குப் பேச்சுத் துணை புட்டாதான்.

ஆனால் அதன் வாய் இருக்கிறதே! பாட்டில் மூடி, சோப்பு, விளக்குத் திரி, எது கிடைத்தாலும் கவ்விவிடும். புவனேஸ்வரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஊசி டப்பா பரணுக்குப் போனது. பொத்தானும் மாத்திரை அட்டையும் அலமாரிக்குள் ஏறின. தரையில் ஒரு புளியங்கொட்டைகூடக் கிடையாது. தறியடியில் பட்டு நூல் மட்டும் கிடந்தது. அதை அவள் குப்பையாகவோ ஆபத்தாகவோ நினைத்ததே இல்லை. நினைவு தெரிந்த நாளாக நூலோடு கிடப்பவளுக்கு அது எப்படித் தோன்றும்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை புட்டா பாலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகு வாந்தி எடுத்தது. புவனேஸ்வரி தூக்கிப் பார்த்தாள். பின்பக்கம் அரக்கு நிற நூல் ஒன்று தொங்கியது.

சிக்கெடுப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. யார் வீட்டுத் தறியில் பாவு நூல் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கத்தரி வைக்கவே மாட்டாள். நூலை அறுப்பது அவளுக்குக் கேவலம். நுனியை விரலில் பிடித்துப் பதமாக இழுத்தாள். கொஞ்சம் வந்தது. மறுபடி இழுத்தாள். புட்டா வீறிட்டது.

"விடும்மா, உயிர் போற மாதிரி கத்துது," என்று குழியிலிருந்து எழுந்து வந்தார் சிவராஜ்.

"இருங்க, எங்கியோ மாட்டிக்கினு இருக்குது. வந்துடும்."

இன்னொரு இழுப்பு. புட்டா கத்துவதையும் நிறுத்திவிட்டுத் துவண்டு போனது. அவள் நூலை விட்டுவிட்டாள்.

ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கமலாட்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நூலைப் பிடிச்சு இழுத்தீங்களாம்மா?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "இழுத்தேம்மா," என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மறு நுனி வயித்துக்குள்ள மாட்டியிருக்கும். இந்த நுனிய இழுத்தா, நாடாவ இழுத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கிக்கும். நூலே குடலை அறுத்துடும். தொடாம அப்படியே கொண்டு வந்திருக்கணும்."

அறுவைச் சிகிச்சை முடியும்வரை புவனேஸ்வரி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே மெச்சிய விரல்கள். ஒரு குட்டியைக் கொல்லப் பார்த்த விரல்கள். அவற்றைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

குடல் ஓரிடத்தில் அறுந்துதான் இருந்தது. தைத்தார்கள். பிழைக்குமா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. சில நாள் ஊசியும் மருந்துமாகக் கிடந்துவிட்டு, ஒரு காலை புட்டா தண்ணீர் குடித்தது.

வீட்டுக்குக் கொண்டு வந்தபோது தறியடி துடைத்துவிட்டது போல இருந்தது. துண்டு நூலையெல்லாம் சிவராஜ் பொறுக்கி, மூடி போட்ட டின்னில் அடைத்திருந்தார். புட்டா அவள் மடியில் மல்லாந்து படுத்தது. மழித்த வயிற்றில் தையல் வரிசை. கடைசி முடிச்சில் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் விரல்கள் தானாக அதை நோக்கிப் போயின.

பாதியிலேயே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வலது கையைத் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். எப்போதும் தன்னைத் தடவிக் கொடுக்கும் அந்தக் கையைத் தேடி, புட்டா அவள் தொடையோரம் முகர்ந்து முகர்ந்து பார்த்தது. அவள் கையை வெளியே எடுக்கவில்லை.