காளானம்மாவின் அறுபது குழாய்கள்

கழுவிய கண்ணாடிக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கிறார் காளானம்மா. திருப்தியென்றால் "ம்" என்பார். இல்லாவிட்டால் குழாய்க்கு நல்ல திட்டு விழும்: "மூஞ்சி கழுவுன லட்சணத்தப் பாரு!"

இலைவெட்டி எறும்புகள் வளர்க்கும் பூஞ்சையை இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு காத்தவர். பெயரும் அப்படி வந்ததுதான். புதிதாக வருகிறவர்களுக்கு அவரே பாடம் எடுப்பார். "எறும்பு இலையத் தின்னுதுன்னா நெனச்சீங்க? இலைய மென்னு போட்டு பூஞ்சை பயிர் பண்ணும், அதத்தான் சாப்பிடும். புது ராணி தனிக்குடித்தனம் போறப்ப பொறந்த வீட்டுப் பூஞ்சைல ஒரு வாய் எடுத்துட்டுப் போவா. அப்புறம் அவ பாடு."

தென் அமெரிக்கக் காடுகளில் அறுபது புற்றுகள், அவற்றின் பூஞ்சைக்கு இங்கே அறுபது குழாய்கள். மாதம் தவறாமல் ஒவ்வொன்றிலும் துளி கிள்ளிப் புதுக் குழாய்க்கு மாற்றுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மரபணுவைச் சோதித்தார்கள். முப்பத்தெட்டுக் குழாய்களில் ஒரே ரகம். எங்கெங்கோ கிடக்கும் புற்றுகளில் அது எப்படி ஒன்றாக இருக்கும்? பேராசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "கலந்துட்டீங்களாம்மா?"

"இருக்கலாம் சார். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

இனி எந்தக் குழாயையும் நம்ப முடியாது என்று முடிவாயிற்று. அறுபதையும் நீராவியில் வேகவைத்துக் கொட்டியதும் காளானம்மாதான். மறுநாளிலிருந்து கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை.

படுத்த படுக்கையாகக் கிடந்த கணவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீயாவது, கலக்குறதாவது!" என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்.

"அந்த மனுஷன் நம்புனாரு. நான்தான் என்னை நம்பல."

போன மாதம் அதே இடங்களுக்குப் போய் மறுபடி பூஞ்சை எடுத்து வந்தார்கள். அந்த முப்பத்தெட்டும் உண்மையிலேயே ஒரே ரகம்தான். எறும்புகளே அப்படித்தான் வளர்த்திருக்கின்றன. மற்ற இருபத்திரண்டும் பழைய சோதனையிலேயே தனித்தனி ரகங்கள். அவற்றில் ஒன்பது புற்றுகள் இருந்த இடத்தில் இப்போது சாலை ஓடுகிறது. அந்த ஒன்பது ரகமும் கொட்டிய குழாய்களில் மட்டுமே மிச்சமிருந்தவை.

நேற்று பேராசிரியர் கழுவுதொட்டிக்கே வந்து நின்றார். "உங்க மேல தப்பே இல்லம்மா. மன்னிச்சிருங்க."

"ஒம்பதும் போச்சா சார்?" அவ்வளவுதான் கேட்டார்.

இன்று கை ஈரம் காய்வதற்குள் பழைய மேசைக்கு அழைத்துப் போய், புதுக் குழாய்களை முன்னால் அடுக்குகிறார்கள். காளானம்மா முதல் குழாயை எடுக்கிறார். ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கிறார். மறுபடியும் படிக்கிறார். பிறகு பக்கத்து மேசைப் பெண்ணிடம் குழாயை நீட்டுகிறார்.

"கண்ணு, இது பதினாலுதானே?"