எட்டு எழுத்துக்கு மேல் போனால்

டி.டி.பி. சென்டர் நடத்தும் சக பாவிகளே, அடிப்பது பாதி வேலை, அடித்ததைத் தேடி எடுப்பது மீதி வேலை என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

குத்தகைச் சண்டை

திருவையாற்றில் கடை போட்ட புதிதில் என்னிடம் இருந்த கம்ப்யூட்டர், ஃபைல் பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் ஏற்காது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். காலையில் பக்கிரிசாமி வந்து, குத்தகை நிலத்திலிருந்து தன்னை வெளியேற்றக் கூடாது என்று மனு அடிக்கச் சொன்னார். ஆங்கில எழுத்தில் ‘குத்தகை பக்கிரி’ என்று பெயர் வைத்தேன். மத்தியானம் நிலத்துக்காரர் ராஜாங்கம் வந்தார். பக்கிரிசாமியை வெளியேற்றச் சொல்லி மனு. ‘குத்தகை ராஜாங்கம்’ என்று வைத்தேன். குத்தகைக்கே எட்டு எழுத்தும் தீர்ந்துவிட்டது. “பழையதை அழிக்கவா?” என்று மெஷின் கேட்டது. எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ தட்டுவது என் பழக்கம்.

சாயங்காலம் பிரிண்டை வாங்கிப் படித்த பக்கிரிசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, மறுபடி முழுசாக அடித்துக் கொடுத்தேன். படியிறங்கும்போது சொன்னார்:

“நிலத்தைத்தான் புடுங்கப் பாக்குறாருன்னு நெனச்சேன். மனுவையும்ல புடுங்கிட்டாரு!”

பிறந்தநாள் போஸ்டர்

அப்புறம் நீளப் பெயர் ஏற்கும் கம்ப்யூட்டர் வந்தது. கட்சிக்கார ஒன்றியச் செயலாளருக்கு இரண்டு போஸ்டர்: ஒன்று அவர் மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி, இன்னொன்று அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. இரண்டு ஃபைல் பெயரின் தொடக்கத்திலும் அவருடைய பட்டங்களையெல்லாம் ஆசையாகச் சேர்த்தேன். அஞ்சலி ஒட்டி முடிந்து, பிறந்தநாள் போஸ்டருக்காக அதே பிளாப்பியைத் தஞ்சாவூர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்ததோ பழைய மெஷின். முதல் ஆறு எழுத்தும் ஒரு நெளிகோடும் ஒரு எண்ணும்தான் தெரியும். அச்சகக்காரர் ஒன்றாம் எண்ணைத் திறந்து கட்டுக்கட்டாக அடித்துவிட்டார். பிறந்தநாளன்று ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி.

கடைக்கு வந்த செயலாளர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்:

“மாமனார் படத்தோட போச்சும்மா. என் படம் இருந்திருந்தா எதிர்க்கோஷ்டி மாலையோட வந்திருப்பான்.”

உள்ளே போனது வரவில்லை

பட்டது போதும் என்று ஒழுங்காக இருக்க முடிவெடுத்தேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், எல்லாவற்றுக்கும் வாக்கியம் போலப் பெயர். ஒரு தீபாவளிக்கு எல்லாவற்றையும் தூக்கி ‘திருவையாறு வட்டாரக் கோயில் நிலக் குத்தகை வழக்குகள் அனைத்தும்’ என்ற பெரிய ஃபோல்டரில் போட்டேன்.

கோயில் நிலத்தில் பயிர் வைக்கும் தெய்வானை ஒருநாள் காலை ஓடி வந்தாள். அன்று விசாரணை, அவள் பதில்மனு வேண்டும். ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, திறக்கவில்லை. ஃபோல்டர் பெயர்களெல்லாம் சேர்ந்த பாதை நீளமாம், மெஷின் சொல்கிறது. காப்பியும் ஆகவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது. கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “வெளி ஃபோல்டர் பேரைச் சுருக்குங்கக்கா” என்றார். ‘கோ’ என்று ஒற்றை எழுத்தாக்கினேன், திறந்துகொண்டது. சூடு ஆறாத தாளோடு பஸ்ஸைப் பிடித்தாள். அந்த மனுவால் அந்தப் போகம் நிலம் அவளிடமே நின்றது.

பஸ் ஏறுவதற்கு முன் அவள் என்னைத் திட்டிய திட்டு மட்டும் மறக்கவில்லை:

“காவேரித் தண்ணியே கடைமடை வரைக்கும் வந்துடுது, உன் பொட்டிலேருந்து ஒரு பேப்பர் வரமாட்டேங்குதே!”

எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாத என்னை இந்தத் தொழிலுக்கு அனுப்பியவர்களைத்தான் உதைக்க வேண்டும்.