பதினெட்டுச் சட்டை

குருபோங்கில் சட்டைகளுக்கு அச்சடிக்கும் பவானேஸ்வரி அக்காவை முதலில் பார்த்தது, எங்கள் கோயில் தேர்க்குழுவுக்குச் சாதிப்பெயர் போட்ட டீசட்டை ஆர்டர் கொடுக்கப் போனபோதுதான். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

“போன வருஷம் இருபது சட்டை. இப்ப பதினெட்டா? எந்த ரெண்டு பேருக்கு இல்ல தம்பி?”

அந்த இருவர் வேறு சாதி. சட்டையில் போடவேண்டிய சாதிப்பெயர் எழுதிய தாளை நீட்டினேன்.

“இதுக்காடா டிகிரி படிச்ச? ஒரே எஸ்டேட்டுல பொறந்துட்டு தேர் இழுக்கச் சாதி பாக்குறீங்களா? அடிக்க முடியாதுலா! போய் உன் தலைவர்கிட்ட சொல்லு.”

சொன்னேன். அந்த வெறிபிடித்த மனுஷன் மற்ற கோயில்களின் ஆர்டரையும் தடுத்தார். அக்காவின் பாதி வருமானம் திருவிழாச் சட்டைகள்தான். ஏனென்று ஒருவனும் கேட்கவில்லை. நான் குழுவிலிருந்து விலகினேன். அது எந்த மூலைக்கு?

இப்போது அக்கா பக்கத்துச் செங் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குச் சீருடை அச்சடிக்கிறார். கோயில் ஆர்டர் எதுவும் வருவதில்லை.