மஞ்சள் துணிக்குள் ஒரு டாலர்

பத்து லட்சம் என்று போனில் வந்த ஒரு வீடியோவில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். கையில் ஒரு பழைய வெள்ளி டாலர். ஒரு பக்கம் சூலம் பிடித்து நிற்கும் பெண், மறுபக்கம் சீன எழுத்து. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அச்சு அசலாக அதே காசு என் அலமாரியில் இருந்தது. என் மாமா பினாங்குக்குச் சுற்றுலா போனபோது சந்தையில் வாங்கி வந்து, "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்டா, பத்திரம்" என்று கொடுத்தது.

அலமாரியைக் குடைந்தேன். மடித்து வைத்த சட்டைகளையெல்லாம் உதறினேன். காசைக் காணோம்.

"என்னத்தைத் தேடறீங்க?" என்று என் மனைவி வந்து நின்றாள். சொன்னேன். அவள் முகம் போன போக்கே சரியில்லை.

"அது சாமி ரூம்ல இருக்கு. சமயபுரத்தாளுக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்."

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போக, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இவள் செகந்திராபாத் திருமுல்கேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துவிட்டு, அதில் முடிந்து வைக்கக் காசு தேடியிருக்கிறாள். வீட்டில் ஏது காசு? ஒரு கட்டுக் கொத்தமல்லிக்குக்கூடப் போனை நீட்டுகிற குடும்பம் எங்களுடையது. கடைசியில் அந்த டாலர்தான் கையில் அகப்பட்டது.

"சூலத்தோட நிக்கறா. சரி, அம்மனே வந்துட்டான்னு எடுத்து முடிஞ்சுட்டேன்."

"அடியே, அது இங்கிலீஷ்காரி!"

"யாரா இருந்தா என்ன? உங்களைக் காப்பாத்தினா இல்ல?"

நான் ஜீடிமெட்லாவில் மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். காப்பாற்றியது டாக்டரும் சலைனும்தான் என்றேன். துணியை அவிழ்த்து வேறு காசை வைத்துவிட்டால் போயிற்று என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"சமயபுரம் உண்டியல்ல போடற வரைக்கும் அந்த முடிச்சை அவுக்கக் கூடாது. அவுத்தா போன காய்ச்சல் திரும்பி வரும். உங்களுக்கு என்ன, நினைவில்லாம படுத்துக் கிடந்தீங்க. வெளியில நின்னது நான்."

கோபத்தில் கத்துகிறாள் என்று நினைத்தேன். பயம். குரல் நடுங்கியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்து லட்சமாயிற்றே!

இழுத்துப் பிடித்து ஒரு சமாதானத்துக்கு வந்தோம். விலை மட்டும் கேட்பது. முடிச்சை அவிழ்ப்பதில்லை. முடிச்சு அவள் கையில்தான் இருக்கும். விலையைக் கேட்டால் அவளே அவிழ்த்துவிடுவாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

செகந்திராபாத்தில் ஒரு சந்துக்குள் பழைய காசு வாங்கி விற்கும் கடை இருந்தது. ஆட்டோ பிடித்துப் போனோம். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். "கோலோ" என்று பிரிக்கச் சொல்லி விரலை நீட்டினார்.

"நக்கோ!" வேண்டாமென்று என் மனைவி போட்ட சத்தத்தில் அவர் கையை இழுத்துக்கொண்டார். திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்த இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஊர்ப் பேச்சு அது.

"கைக்கு?" ஏன் என்று என்னிடம் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை. டிராயரைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்தார். வெள்ளியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டாது, துணியைப் பிரிக்கவே வேண்டாம் என்றார். என் மனைவி உள்ளங்கையில் முடிச்சை வைத்து நீட்டினாள். அவர் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

முடிச்சு டக்கென்று எழும்பிக் காந்தத்தைக் கவ்விக்கொண்டது.

"நக்லி" என்றார். போலி. உள்ளே இரும்பு, மேலே முலாம். சுற்றுலா வருகிறவர்கள் தலையில் கட்டுவதற்கென்றே இப்படி அடிக்கிறார்களாம். என் மாமாவை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால், அவள் சிரிக்கவில்லை.

"கள்ளக்காசைக் குடுத்தா உங்களை மீட்டுட்டு வந்தேன்?"

கண் நிரம்பிவிட்டது அவளுக்கு. கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். அப்புறம் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சும்மா இரு. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, உடம்பு லேசாக வெதுவெதுவென்று இருப்பது போலப் பட்டது. ஆட்டோவில் வந்த வெயில். வெயிலாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் முடிச்சைக் காந்தத்திலிருந்து பிய்த்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொள்ள எனக்குக் கை எழவில்லை. அசல் வெள்ளியில் ஒரு காசு இருக்கிறதா என்று கேட்டேன்.

இருந்தது. விலையைச் சொன்னார். நான் பேரம் பேசவில்லை.