குணாவின் விசிலும் குளுக்கோஸ் டப்பாவும்

1. திடலிலிருந்து வந்த போன்

"அக்கா, ஓடிக்கிட்டிருந்த குணா பாடாங்லயே உக்காந்துட்டான். கை காலெல்லாம் நடுங்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குதாம். என்னா செய்யறது?"

பாடாங் என்கிற திடலிலிருந்து பேசியவர் மணியம். சிம்பாங் பூலாய் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் குணாவோடு ஒன்றாக வளர்ந்தவர், வயதில் மூத்தவர். குணா என்னுடைய நோயாளி. நான் அப்போது ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியன். எடை குறைக்க பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சாப்பாட்டு ஆலோசனைக்கு என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

"ஓடறதுக்கு முன்னால என்ன சாப்பிட்டாரு?"

"குளுக்கோஸ்தான் லா அக்கா. ரெண்டு கை நெறையக் கொட்டுனேன். தெம்பு வேணும்ல?"

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். நல்லவேளை, அது மருத்துவமனை போன். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

பைபாஸ் செய்த வயிறு முட்டை அளவுக்குத்தான் இருக்கும். குடலையும் மாற்றி இணைத்திருப்பார்கள். சர்க்கரையை மொத்தமாகக் கொட்டினால் அது வயிற்றில் தங்காமல் நேராகக் குடலில் போய் விழும். வியர்வை, படபடப்பு, மயக்கம் எல்லாம் வரும். எங்கள் தொழிலில் இதை டம்பிங் என்போம். சற்று நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கவும் செய்யும்.

ஆனால் மணியத்தை முழுதாகத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. கோலா கங்சார் பக்கத்து எஸ்டேட்டில் என் அப்பா கால்பந்து கோல்கீப்பர். பாதி ஆட்டத்தில் ஒருவர் குளுக்கோஸ் டப்பாவோடு வரிசையாக வருவார். ஆட்டக்காரர்கள் கையை நீட்டி வாங்கி நக்குவார்கள். வேலிப்பக்கம் நிற்கும் எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும். அந்த ஜில்லென்ற இனிப்பு இன்றும் நாக்கில் இருக்கிறது. எஸ்டேட்டில் பந்து விளையாடிய எவருக்கும் தெம்பு என்றால் அந்த டப்பாதான்.

2. சோற்றைக் கண்டால் பயம்

குணா கால்பந்து நடுவர். உடம்பு பெருத்தபின் ஓட முடியாமல் நடுத்திடலிலேயே நின்று விசில் ஊதியிருக்கிறார். ஓர் ஆட்டத்தில் தூரத்திலிருந்து தப்பாக பெனால்டி கொடுத்து, திடலே சிரித்திருக்கிறது. "கிட்ட வந்து பாத்துட்டு ஊது லா" என்று ஒருவன் கத்தினானாம். அதற்குப்பின் உடற்தகுதிச் சோதனையில் இரண்டு முறை தோற்றார். ஆபரேஷன் செய்துகொண்டதே அந்த விசிலுக்காகத்தான்.

"வரப்போற சோதனைலயும் விழுந்தா அவ்ளோதான் மிஸ். இனிமே கூப்பிட மாட்டாங்க" என்றார், கட்டிலில் படுத்தபடியே.

பக்கத்தில் நின்ற மனைவி செல்வி பொரிந்து தள்ளினார். "குளுக்கோஸ மட்டும் சொல்லாதீங்க மிஸ். இவரு திங்கறதே இல்ல. சோத்தப் பாத்தா பேயப் பாத்த மாதிரி ஓடறாரு. மறுபடியும் குண்டாயிருவாராம்."

விஷயம் அங்கேதான் இருந்தது. உடம்பு இளைத்ததில் அவருக்குப் பெருமை, அதைவிடப் பெரிய பயம். காலையில் ஒரு தே ஓ கோசோங், அதாவது சர்க்கரை போடாத வெறும் தேநீர், அதோடு ஓடப் போய்விடுவார். தசைக்குத் தீனி இல்லை.

"குணா, நீங்க இளைக்கறதுக்கு ஓடறீங்களா, விசில் ஊதறதுக்கு ஓடறீங்களா?" என்று கேட்டேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டரிடம் கேட்டு, ரத்தப் பரிசோதனை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையும் விட்டமினும் ஒழுங்குபடுத்தினோம். தட்டில் முதலில் மீன், முட்டை, தவ்ஃபூ என்கிற சோயாக் கட்டி. சோறு அதற்குப் பிறகு, ஆனால் கட்டாயம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. ஓடுவதற்கு முன்பு போதிய நேரம் விட்டு, கொஞ்சம் ஓட்ஸ் கஞ்சி. ஓட்டத்துக்கு நடுவில் மடக்கு மடக்காகத் தண்ணீர். அவசரப்பட்டு ஒரே மூச்சில் குடித்தால் வயிறு தாங்காது.

மணியத்தை என்ன செய்வது? வராதே என்றால் கேட்கிற ஆளா? தண்ணீர்ப் போத்தலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "அளவா குடிக்க வைக்கறது உங்க பொறுப்பு அண்ணே." மனிதர் அதை அமைச்சர் பதவி மாதிரி எடுத்துக்கொண்டார். "முழுங்காதடா! நனைச்சுக்கோ, போதும்!" என்று அவர் போடும் சத்தம் சாலை வரைக்கும் கேட்குமாம்.

3. பெனால்டி

சோதனை ஈப்போவில் நடந்தது. வேகமாக ஓட வேண்டும், நடக்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். நிறுத்தச் சொல்லும்வரை இதேதான். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். பாதிக்குமேல் குணா பின்தங்கினார். சோதிப்பவர், "பொலே லாகி?" என்றார், இன்னும் முடியுமா என்று. குணா கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார். கடைசி ஆளாக வந்தாலும் கடைசிச் சுற்றையும் குறித்த நேரத்துக்குள் முடித்துத் தேறினார். செல்வி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அவர் திரும்பி வந்து ஊதிய முதல் ஆட்டத்தில் ஒரு பக்கம் மணியம் பயிற்சி கொடுக்கும் குழு. ஆட்டம் முடியும் தறுவாயில், கோல் முன்னால் மணியத்தின் ஆள் எதிரணிக்காரன் ஒருவனை இடறிவிட்டான். குணா மறுகோடியிலிருந்து பந்தோடு பந்தாக ஓடி வந்திருந்தார். விசில் ஊதி பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

"டேய், இதுக்காடா ஒனக்கு வெயில்ல நின்னேன்!" என்று மணியம் கோட்டருகே குதித்தார்.

"கிட்டதான் நின்னேன் அண்ணே. பாத்தேன்" என்றார் குணா. குரலில் மூச்சிரைப்பு இல்லை. இடறியவனே தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தான். திடலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதுவரை புது நோயாளி வந்தால் முதலில் எடைக் கருவியில் ஏற்றித்தான் பேச்சைத் தொடங்குவேன். அதற்குப்பின், நான் ஓய்வு பெறும்வரை, யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லி, "இந்த உடம்ப வெச்சு என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" என்று கேட்டேன். சாப்பாட்டுத் திட்டத்தை அந்தப் பதிலிலிருந்துதான் எழுதினேன்.