சோபாவைப் போல் சுற்றிய படகு

நவம்பர் சனிக்கிழமை, காலை ஏழரை. இல்ஃபோர்டில் எலிசபெத் ரயில் ஏறினேன், தோளில் சுருட்டிய தார்ப்பாயுடன். கோயில் திருவிழாவில் சோற்றுப்பந்தல் போடும் தார்ப்பாய் அது. ஆண்டின் மீதி நாட்களில் என் வீட்டுக் கொட்டிலில் தூங்கும். ஓர் ஆள் நீளம். சடலமோ என்று யாராவது கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். லண்டனில் யாரும் எதையும் கேட்பதில்லை.

வைட்சாப்பலில் மாறி, சரே கீஸில் இறங்கிப் பத்து நிமிட நடை. படகுத் துறையில் குகன் அத்தான் கைகளைத் தேய்த்தபடி நின்றார். அக்காவின் கணவர், ஜெர்மனியிலிருந்து இங்கே வந்த எலக்ட்ரீஷியன். நீந்தத் தெரியாது, ஆகையால் பழைய மரப் பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்.

போன குளிருக்கு அதை முனையிலிருந்து முனைவரை பொலித்தீனால் சுற்றி டேப் ஒட்டினார். அக்கா வீட்டில் பொருள்மீது அன்பு காட்டுவது அப்படித்தான்: டிவி ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கும் அதே பொலித்தீன் உறை. அந்தச் சோபாவில் உட்கார்ந்தால் அது கீச்சிடும். வசந்தத்தில் படகைப் பிரித்தபோது உள்ளறை முழுக்கப் பூஞ்சணம். அக்கா தலையை நுழைத்தார், உடனே எடுத்தார்.

"இன்னொருக்கா இந்த மணம் வந்தால், போட்டை வித்துப்போட்டு வீட்டுக்கு வாங்கோ."

ஆகவே இந்தமுறை நான் படித்துவிட்டு வந்திருந்தேன்.

"மூண்டு புத்தகம் வாசிச்சன், அத்தான். மழை உள்ளுக்குப் போகக்கூடாது, காத்துப் போகவேணுமாம்."

"இதைப் போன வருசமே சொல்லியிருக்கலாமே?"

"போன வருசம் டேப் வெட்டித் தந்ததே நான்தானே."

படகின் பாய்த்துணிகளையும் உள்ளறை மெத்தைகளையும் காரில் ஏற்றினோம். அடித்தட்டுப் பலகைகளைக் கழற்றி, கீழே தேங்கிய நீரைத் தலைகீழாகத் தொங்கி ஒற்றி எடுத்தேன். படித்தவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. பாய்மரத்தைச் சாய்த்து, படகின் நீளத்துக்கு இரண்டு கவைகள்மேல் கிடத்தினோம். அதன்மேல் தார்ப்பாய். புத்தகத்தில் இருந்த முடிச்சுகளைப் போட்டேன். காற்று ஒரே மூச்சில் அவிழ்த்தது. என்னையும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது.

"புத்தகத்தை மூடும் தம்பி," என்றார் அத்தான். கரையேற்றி நிறுத்தியிருந்த படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "அட, இது எங்கட பந்தலெல்லோ!"

அதன்பின் அவர் வேறு மனிதர். ஆண்டுதோறும் அந்தப் பந்தலைக் கட்டுபவர் அவர்தான். பக்கங்களை இறக்கி இழுத்துக் கட்டினார். இரு முனைகளையும் வாசல்போலத் திறந்து விட்டார். மத்தியானம் மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்தோம். மேலே மேளம் அடித்தது. ஒரு துளி இறங்கவில்லை. பக்கத்துப் படகின் மூடி பறந்து தண்ணீரில் விழுந்தது. அதன் உரிமையாளரான ஆங்கிலேயர் நனைந்தபடி வந்து, தனக்கும் இப்படிக் கட்டித்தர முடியுமா என்று பணிவோடு கேட்டார். அத்தான் மீசையைத் தடவிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மார்ச்சில் அதே ரயிலில் அக்காவும் வந்தார். தலையை நுழைத்து மோந்தார். அத்தான் பரீட்சை முடிவுக்கு நிற்பவரைப்போல நின்றார். அக்கா மறுபடி மோந்தார். பிறகு முழுவதுமாக உள்ளே இறங்கி, வெறும் பலகையில் அமர்ந்தார்.

"வெறும் மர மணம்தான். தேத்தண்ணி கொண்டந்தனீங்களோ?"

அன்று பின்னேரம் இல்ஃபோர்டில், தன் வீட்டில், அக்கா கத்தரிக்கோலோடு சோபாவை நெருங்கினார். பல வருடங்களில் முதல் தடவையாக, அதில் நான் சத்தமில்லாமல் உட்கார்ந்தேன்.